அம்மாவின் நீர்க்கடுப்பும் என் பொய்ச் சர்க்கரையும்

பங்குனி மாதத்தில் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்தால் சட்டென்று விடுவித்துக்கொள்ள முடியாது. புளி ஒட்டும். காலை ஏழரைக்குக் கொட்டகைக்குப் போகிறவள் சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பும்போது நகக்கண் வரை கறுத்திருக்கும். சாம்பல் போட்டுச் சுடுதண்ணீரில் தேய்த்தால்தான் விரல் விரலாகப் பிரியும். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிருஷ்ணகிரி என்றதும் எல்லோருக்கும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாங்காய் முற்றுவதற்கு முன்னால், மாசி பிறந்ததிலிருந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் நாலு காசு புரளுவது புளியால்தான். ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி.

எனக்குப் பங்காகக் கிடைத்தது கொட்டை. வறுத்துத் தோல் நீக்கி வாயில் அடக்கிக்கொண்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை கரையாது. பல்லாங்குழிக்கும் அதுதான். மீதியை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். அது எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "மில்லுக்குப் போவுது. நூலுக்குக் கஞ்சி போட" என்றாள் அம்மா. புளியங்கொட்டை மாவை வெந்நீரில் கரைத்தால் வழவழவென்று பசையாகிவிடும். அந்தப் பசைக்குள் இருப்பது ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி என்பதை முதுகலை படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். குளுக்கோஸ் கோத்த முதுகெலும்பு, அதிலிருந்து கிளைக்கும் சைலோஸ், சில கிளைகளின் நுனியில் காலக்டோஸ். சர்க்கரை தொங்கும் பாலிமரை (மணி கோத்த மாதிரி சின்ன மூலக்கூறுகளைக் கோத்த நீளச் சங்கிலி) ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்டு ஐந்து வருடம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பிறந்ததிலிருந்து அதை வாயில் போட்டுச் சுவைத்திருக்கிறேன் என்பது அப்போது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரையில் புளியைவிட அதிகமாக வரப்போவது வேறு ஒன்று. எங்கள் பக்கம் அதை நீர்க்கடுப்பு என்பார்கள். "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று சொல்லி விட்டுவிடுவதும் உண்டு. ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், போய் வந்ததும் மறுபடி போக வேண்டும் போலிருப்பது, அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது. புளிக் காலத்தில் அம்மாவுக்கு இது இரண்டு முறையாவது வரும். முதல் நாள் தொப்புளிலும் கால் கட்டைவிரல் நகத்திலும் விளக்கெண்ணெய். இரண்டாம் நாள் பார்லித் தண்ணீர். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தால் மட்டும் டாக்டர். ஒருமுறை சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது வந்த சீட்டில் ஈ.கோலை என்று எழுதியிருந்தது. குடலில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாதான். இடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குப் போனால் தொல்லை. பெரும்பாலான நீர்க்கடுப்புக்கு அதுதான் காரணம்.

காரணம் அது மட்டும்தானா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் ஆய்வு நெறியாளர் முதல் நாள் பலகையில் ஒரு கோடு போட்டார். கோட்டிலிருந்து சின்னச் சின்னக் காம்புகள், காம்பின் நுனியில் அறுகோணங்கள். "இந்தக் கோடு நாம செய்யற பாலிமர். அறுகோணம் சர்க்கரை. பாக்டீரியா இதைப் பிடிக்குதா, எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்கணும்" என்றார். வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். நோய்க்கிருமி ஒட்டுவதைப் பற்றிப் படிக்கப் போகிறேன், உனக்கு வருகிறதே அதே கிருமிதான் என்றேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு மாரியம்மன் பண்டிகைக்கும் ஊருக்குப் போகும்போது ஒரே கேள்வி. "என்னா கண்ணு, மருந்து கண்டுபுடிச்சிட்டியா?"

இல்லை. நான் கண்டுபிடிக்க முயன்றது மருந்தை அல்ல என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "இன்னும் இல்லம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் உடம்பின் செல்கள் வழவழப்பான பந்துகள் இல்லை. மேலெல்லாம் சர்க்கரை முளைத்திருக்கும். வாயில் இனிக்கிற சர்க்கரை என்று எண்ண வேண்டாம். மேனோஸ், காலக்டோஸ், ஃப்யூகோஸ், சயாலிக் அமிலம் என்று பல வகை, புரதங்களிலும் கொழுப்புகளிலும் கிளை கிளையாகத் தொங்கும். குளுக்கோஸுக்கும் மேனோஸுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டாவது கார்பனில் இருக்கும் ஒரே ஒரு ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொத்து) எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். நான்காவது கார்பனில் திருப்பினால் காலக்டோஸ். நமக்கு இது காதில் போட்டுக்கொள்ள வேண்டாத வித்தியாசம். பாக்டீரியாவுக்கு வீடே வேறு.

சர்க்கரையை இப்படி ஆள் பார்த்துப் பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். தேர்ந்தெடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வில்லியம் பாய்ட் 1954ல் வைத்த பெயர். ஆனால் கதை அதற்கும் முன்னால், 1888ல் தொடங்குகிறது. இன்று எஸ்தோனியாவில் இருக்கும் டார்ட்டு நகரில் ஸ்டில்மார்க் என்பவர் ஒரு விதையின் சாற்றை ரத்தத்தில் கலந்தார். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அது என்ன விதை என்று படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். ஆமணக்கு. எங்கள் ஊர் வேலியில் நிற்கும் கொட்டமுத்துச் செடி. அம்மா தொப்புளில் வைக்கும் விளக்கெண்ணெய் வருகிற அதே கொட்டை. (எண்ணெயில் அந்தப் புரதம் வராது, பிண்ணாக்கோடு போய்விடும். பயப்பட வேண்டாம். ஆனால் கொட்டையை மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து.) ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் லெக்டினான கான்கனவலின்-ஏ கூட, நம் வேலியில் படரும் தம்பட்டங்காயின் நெருங்கிய உறவிலிருந்து எடுப்பதுதான்.

பாக்டீரியாவுக்கும் இப்படிப்பட்ட கைகள் உண்டு என்பது 1977ல் தெளிவாயிற்று. இட்சாக் ஓஃபெக், டேவிட் மிரெல்மன், நேதன் ஷாரோன் மூவரும் ஈ.கோலையை நம் செல்களோடு விட்டுப் பார்த்தார்கள். ஒட்டியது. மேனோஸ் கரைசலைச் சேர்த்தார்கள். ஒட்டவில்லை. பிடிக்க வேண்டிய கையில் முன்கூட்டியே சர்க்கரையைத் திணித்தாயிற்று. ஈ.கோலையின் உடம்பில் நூற்றுக்கணக்கில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 நானோமீட்டர் தடிமன், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம். அதாவது பாக்டீரியாவின் உடம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளக் கை. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரே ஒரு ஃபிம்-ஹெச் புரதம். அதில் ஒரு சின்னக் குழி. குழிக்குள் ஒரு மேனோஸ் பொருந்தும்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. லெக்டினும் சர்க்கரையும் ஒன்றுக்கு ஒன்று பிடிக்கும் பிடி பொதுவாக ரொம்ப லேசு. பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். நாயுருவிச் செடிக்குள் புகுந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு நாயுருவி விதை பாவாடையில் ஒட்டினால் தட்டிவிட்டால் போயிற்று. ஒரு கதிர் முழுக்க ஒட்டினால்? ஒரு பக்கம் பிய்ப்பதற்குள் மறுபக்கம் ஒட்டியிருக்கும். எல்லாப் பிடியும் ஒரே நேரத்தில் விட்டால்தான் கழன்று வரும், அப்படி எல்லாம் சேர்ந்து விடுவதில்லை. பாக்டீரியா நம்மைப் பிடிப்பதும் இப்படித்தான். ஒற்றைச் சர்க்கரைகளாகக் கொடுத்தால் கிடைக்கும் பிடி ஒன்று. அதே சர்க்கரைகளை ஒரே கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக் கொடுத்தால், எண்ணிக்கையால் பெருக்கியதைவிடப் பல மடங்கு அதிகமான பிடி. வேதியியலில் இதற்குக் கொத்து விளைவு என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, இதைப் பார்க்க உண்மையான செல்லையே எடுத்துக்கொள்ளலாமே, எதற்குப் பாலிமர்? என் மாணவிகளில் ஒருத்தி வருடம் தவறாமல் இந்தக் கேள்வியைக் கேட்பாள் (ஒவ்வொரு வருடமும் வேறு மாணவி, அதே கேள்வி). உண்மையான செல்லில் எதையும் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. சர்க்கரையைக் குறைத்தால் புரதம் மாறும். புரதம் மாறினால் செல் சுருங்கும். கடைசியில் பாக்டீரியா எதனால் விட்டுப்போனது என்று சொல்ல வழியில்லை. நான் செய்யும் சங்கிலியில் எல்லாம் என் இஷ்டம். நீளம் ஐம்பது மணியா இருநூறு மணியா, சர்க்கரை மேனோஸா காலக்டோஸா, ஒவ்வொரு காம்பிலும் தொங்க வேண்டுமா அல்லது நாலுக்கு ஒன்றா, காம்பு குட்டையா நெட்டையா. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து, பாக்டீரியாவிடம் கொடுத்துக் கேட்கலாம்: இப்போது பிடிக்கிறாயா? அது ஒரு பொய்ச் சுவர். பொய் என்பதால்தான் அதன் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிடித்த பகுதி. சர்க்கரைக்கு உடம்பெல்லாம் ஹைட்ராக்சில். சும்மா விட்டால் எல்லாப் பக்கமும் வினை புரிந்து குழப்பிவிடும். அதனால் முதலில் அசிட்டைல் சட்டை மாட்டிவிடுவோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் காம்பு. காம்பின் மறுமுனையில் கோத்துக்கொள்ளத் தயாராக ஓர் இரட்டைப் பிணைப்பு. அப்புறம் கோக்க வேண்டும். முன்பெல்லாம் கோத்தால் ஒரு சங்கிலியில் இருபது மணி, இன்னொன்றில் ஆயிரம் மணி என்று தாறுமாறாக வரும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தினர் 1998ல் வெளியிட்ட ராஃப்ட் என்ற முறை அதைச் சீர் செய்தது. கந்தகம் சேர்ந்த ஒரு மூலக்கூறு எல்லாச் சங்கிலிகளையும் மாறி மாறித் தூங்க வைத்து எழுப்பும். அதனால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே வளரும். வினை முடிந்த குடுவையில் வெளிர் மஞ்சள் நிறம் இருக்கும். அந்தக் கந்தகச் சரக்கின் நாற்றத்தை மட்டும் கேட்காதீர்கள். விடுதியில் என் அறைத்தோழி என் துப்பட்டாவைத் தனியாகத் துவைக்கச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் சட்டையைக் கழற்றி, டயாலிசிஸ் பையில் ஊற்றி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைப்போம். சின்ன மூலக்கூறுகள் வெளியே போய்விடும், சங்கிலி உள்ளே தங்கும். உறைய வைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சினால் வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு மாதிரி வரும். மூச்சு விட்டால் பறக்கும். முதல் முறை அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது, இதைப் போய் ஒரு பாக்டீரியா நம்பிப் பிடிக்குமா என்றிருந்தது.

பாக்டீரியாவுக்கு முன்னால் கான்கனவலினிடம் காட்ட வேண்டும். இது முதல் தேர்வு. அந்த லெக்டினுக்கு நாலு கை, கைக்குக் கை ஆறரை நானோமீட்டர் இடைவெளி. மேனோஸ் சங்கிலியைச் சேர்த்தால் ஒரு லெக்டின் இரண்டு சங்கிலியைப் பிடிக்கும், அந்தச் சங்கிலி வேறு லெக்டினைப் பிடிக்கும், வலையாகி, தெளிவாயிருந்த கரைசல் பால் திரிந்த மாதிரி கலங்கும். எனக்குக் கலங்கியது. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். ஓடிப் போய் நெறியாளரைக் கூட்டி வந்தேன். அவர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலக்டோஸ் சங்கிலியைப் போடு" என்றார். கான்கனவலின் காலக்டோஸைப் பிடிக்காது, கலங்கக் கூடாது. கலங்கியது. "பாலிமரே போடாம பாரு" என்றார். அதுவும் கலங்கியது. அந்த லெக்டின் வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும், அதைச் சேர்த்திருந்தேன். ஆனால் சேர்த்தது பாஸ்பேட் கரைசலில். கால்சியம் பாஸ்பேட் வீழ்படிந்து கலங்கியதைத்தான் நான் ஆராய்ச்சி முடிவென்று நினைத்திருந்தேன். சுண்ணாம்புத் தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் என்று ஆய்வகத்தில் ஒரு வருடம் கிண்டல் செய்தார்கள். அன்றிலிருந்து எந்தச் சோதனையானாலும் காலக்டோஸ் குழாயும் வெறும் குழாயும் இல்லாமல் நான் தொடங்குவதில்லை.

ஈ.கோலையிடம் போனபோது நேர்மாறான சோகம். எதைக் கொடுத்தாலும் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் பாலிமரையே சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். தப்பு பாலிமரில் இல்லை. நான் பாக்டீரியாவை அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தேன். ஈ.கோலை எப்போதும் கை நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அதன் டிஎன்ஏவில் 314 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இருக்கிறது. அது ஒரு பக்கம் பார்த்தால் இழைகள் முளைக்கும், தலைகீழாகத் திரும்பினால் நின்றுவிடும். தட்டில் வளரும்போது பெரும்பாலும் கை மடக்கிக்கொள்ளும். திரவ ஊடகத்தில், ஆட்டாமல் அசைக்காமல், 37 டிகிரியில் இரண்டு நாள் விட்டால் இழை நீட்டியவை பெருகும். இது பழைய புத்தகங்களில் தெளிவாக எழுதியிருந்தது. நான் புதிய கட்டுரைகளை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு எல்லாம் ஓரளவு ஒழுங்காக நடந்தது, அதனால் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சங்கிலியில் எவ்வளவு மேனோஸ் திணிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கான்கனவலினிடம் இதை லாரா கீஸ்லிங்கின் குழு முன்பே காட்டியிருந்தது. சர்க்கரையை நெருக்கி நெருக்கி வைத்தால் மொத்தப் பிடி கூடும், ஆனால் சர்க்கரைக்கு இவ்வளவு பிடி என்று கணக்குப் போட்டால் இடைவெளி விட்டு வைத்த சங்கிலிதான் முந்தும். ஒரு கை ஒரு சர்க்கரையைப் பிடித்ததும் பக்கத்து நாலைந்து சர்க்கரையை மறைத்துக்கொள்கிறது. பஸ்ஸில் கம்பி எவ்வளவு நீளமாயிருந்தாலும் ஆள் அகலத்துக்குத்தானே பிடிக்க முடியும். ஈ.கோலையில் ஓர் இழைக்கு ஒரு குழிதான் என்பதால் இன்னும் வேடிக்கை. என் சங்கிலி ஓர் இழையோடு நிற்காமல் அடுத்த இழைக்கும், அடுத்த பாக்டீரியாவுக்கும் பாலம் போடுகிறது. பாக்டீரியாக்கள் கூட்டமாகத் திரண்டுவிடும். இந்தக் குணத்தை வைத்து 2004ல் டிம் ஸ்வேகர், பீட்டர் சீபெர்கர் குழுவினர் மேனோஸ் தொங்கும் ஒளிரும் பாலிமரால் ஈ.கோலையை மினுங்கும் கட்டிகளாக்கிக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

காம்பும் வாலும் கூட முக்கியம் என்பதை எனக்குக் கற்பித்தது வேறொருவரின் அளவீடு. மேனோஸுக்கு மெத்தில் என்ற குட்டி வாலுக்குப் பதிலாக ஏழு கார்பன் நீளத்தில் ஒரு கொழுப்பு வாலை வைத்தால் ஃபிம்-ஹெச் அதை நானூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. குழியின் வாசலில் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு கதவு மாதிரி நிற்கின்றன, வால் அவற்றுக்கு நடுவே வாகாகப் படிகிறது. சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைத்தது. என் பாலிமரின் காம்பு நான் சௌகரியத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. அதுவும் பதிலில் பங்கு கேட்கிறது.

எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. 2002ல் வெளியானது. தண்ணீர் வேகமாக ஓடினால் ஒட்டியது அடித்துக்கொண்டு போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஈ.கோலை மேனோஸைப் பிடித்திருக்கும்போது ஓட்டம் கூடினால், ஒரு கட்டம் வரை, பிடி இறுகுகிறது. கிணற்று வாளியில் போடும் சுருக்கு மாதிரி. இழுக்க இழுக்க இறுகும், தளர்த்தினால் நழுவும். ஃபிம்-ஹெச் இரண்டு துண்டாக இருக்கிறது, இழுத்தால் துண்டுகள் விலகி, குழி மேனோஸைச் சுற்றி மூடிக்கொள்கிறது. சிறுநீர் பாய்ந்துகொண்டே இருக்கிற இடத்தில் குடியேறப் பார்க்கிற ஒரு உயிருக்கு இதைவிடப் பொருத்தமான கை இருக்க முடியுமா? கடன்காரன் மாதிரி, விலக விலகத்தான் பிடி.

நம் உடம்பும் சும்மா இல்லை. சிறுநீரில் இயல்பாக அதிகம் இருக்கும் புரதம் யூரோமோடுலின். 1950ல் டாம், ஹோர்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்தது. சிறுநீரகம் அதை நீள நீள நூலாக இழைத்து விடுகிறது. நூலிலிருந்து இரு பக்கமும் மீன் முள் மாதிரிக் கிளைகள், அவற்றில் மேனோஸ் நிறைந்த சர்க்கரை. பாக்டீரியா சுவரென்று நினைத்து நூலைப் பிடிக்கும், கட்டி கட்டியாகச் சேரும், சிறுநீரோடு வெளியே போகும். நான் ஐந்து வருடம் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்த பொருளை அம்மாவின் சிறுநீரகம் தினமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. தாய்ப்பாலிலும் இதே தந்திரம் உண்டு. குழந்தையால் செரிக்க முடியாத நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரைகள் அதில் இருக்கின்றன. அவை குடலில் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகின்றன, சில கெட்டவற்றின் கையில் பொய்ச் சர்க்கரையாக அகப்பட்டுக்கொள்கின்றன.

படிப்பு முடிந்து கிருஷ்ணகிரிக்கே திரும்பி ஒரு கல்லூரியில் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகு, ராஃப்ட்டும் இல்லை, உறைய வைத்து உலர்த்தும் கருவியும் இல்லை. ஆனால் ஈஸ்ட் இருக்கிறது. பேக்கரியில் ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட். அதன் செல்சுவரின் வெளிப்புறம் முழுக்க மேனோஸ் சங்கிலி. இயற்கை செய்து வைத்த பாலிமர் சுவர், ஒரு ஸ்பூன் சில்லறைக் காசு. கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் ஒரு சொட்டு, ஆபத்தில்லாத ஆய்வக ஈ.கோலை ஒரு சொட்டு. லேசாக ஆட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண்ணுக்கே தெரியும்படி துகள் துகளாகத் திரளும். மேனோஸ் சேர்த்தால் திரளாது. காலக்டோஸ் சேர்த்தால் திரளும். என் ஐந்து வருடப் படிப்பின் சாரத்தை இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஒரு மதியத்தில் செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன தை மாதம், கண் பரிசோதனைக்காக டவுனுக்கு வந்த அம்மாவை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். சனிக்கிழமை, யாரும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணால் பார்க்க வரவில்லை, மற்றதைக் கையால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"கிண்டாம உட்ட களி மாதிரி கட்டி தட்டிக் கெடக்குது."

மேனோஸ் சேர்த்த தகட்டை வைத்தேன்.

"இது நல்லாக் கிண்டின களி."

இதைவிடச் சரியாக நான் எந்தக் கருத்தரங்கிலும் சொன்னதில்லை. ராகிக் களி கிண்டியவர்களுக்குத்தான் இந்தக் கண் வரும். எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள். "அப்ப அந்தச் சக்கரையைத் தின்னா எனக்குச் சரியாப் போயிடுமா?"

ஓசூரில் இருக்கும் என் சித்தி மகனும் அதையேதான் நினைத்திருந்தான். முந்தின வருடமே எங்கேயோ படித்துவிட்டு, மேனோஸ் பொடி ஒரு டப்பா வரவழைத்து அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். விலையைக் கேட்டு அம்மா, "இது என்னா தங்கத்துல செஞ்ச சக்கரையா?" என்றாள். தத்துவம் சரிதான். 1977லிருந்து சோதனைக் குழாயில் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆனால் 2024ல் பிரிட்டனிலிருந்து ஒரு முடிவு வந்தது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் 598 பெண்கள். ஒரு பாதிக்குத் தினமும் 2 கிராம் மேனோஸ், மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு பொடி. ஆறு மாதம். மறுபடி நோயென்று டாக்டரிடம் போனவர்கள் மேனோஸ் பக்கம் நூற்றுக்கு 51, மறு பக்கம் 55.7. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும். எனக்கு ஆச்சரியமில்லை. நூறு கையால் பிடித்திருப்பவனிடம் ஒவ்வொரு சர்க்கரையாக நீட்டிக்கொண்டிருக்கிறோம். பாலிமரைக் கொடுத்தால்? அது மருந்தாகும் வழி நீளமானது, நான் அதைச் செய்யவில்லை. சர்க்கரைப் பாலிமர் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் "ஆன்டிபயாடிக்கு விடைகொடுப்போம்" என்று தலைப்புப் போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பாலிமர் இதுவரை நன்றாகச் செய்தது கேள்வி கேட்பது. எந்தக் கை, எந்தச் சர்க்கரை, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு இழுப்பு. அதுவே பெரிய வேலை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேறொரு ஆய்வைச் சொன்னேன். பல்கேரியாவில் நடந்தது, 2018ல் வெளியானது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை. மருந்து எதுவும் இல்லை, தண்ணீர்தான். (அந்தப் பெண்கள் அம்மாவைவிட இளையவர்கள், மாதவிலக்கு நிற்காதவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் என் நெறியாளர் காதைத் திருகுவார்.) யூரோமோடுலின் நூலில் கட்டி கட்டியாகச் சிக்கியதும் வெளியே போனால்தானே ஆயிற்று.

"தண்ணி குடின்னு சொல்றதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குடிச்சா எங்க போறது கண்ணு?"

கொட்டகையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார்கள். கழிப்பறை கிடையாது. பின்பக்கம் முன்பு சோளக்காடு இருந்தது, தட்டை நிற்கும் வரை மறைவு. இப்போது மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். அதனால் காலையில் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போய், சாயங்காலம் வரை தொண்டை நனைக்க மட்டும் குடிக்கிறார்கள். பத்து மணி நேரம். பல்கேரியாப் பெண்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. கொட்டகைக்காரரிடம் இரண்டு முறை போய்ப் பேசினேன். அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றார். இரண்டு முறையும் அதே வார்த்தை, நடுவில் ஒரு சீசன் போயிருந்தது.

இந்த மாசியில் அம்மாவுக்கு இரண்டு லிட்டர் கேன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கொட்டகையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் அத்தை வீட்டில் மதியம் ஒருமுறை போய்வர ஏற்பாடும் செய்துவைத்தேன். மதியம் எழுந்து போனால் ஒரு கிலோ குறையும் என்று அம்மாவுக்குக் கணக்கு. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது திண்ணையில் கேன் இருந்தது. கைப்பிடியில் புளி அப்பியிருந்தது. தூக்கினேன், ஒட்டிக்கொண்டு வந்தது. முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது.